நெல்லைச் சீமையில் பலசரக்குச் சிட்டை: எதை, எப்போது, எவ்வளவு

மாதச் சிட்டை, அதாவது பலசரக்குக் கணக்கு, கனத்துப் போனால் பெரும்பாலான வீடுகளில் முதலில் கை வைப்பது காய்கறியிலும் மீனிலும்தான். அங்கே குறைத்தால் தட்டு காலியாகுமே தவிர, சிட்டை பெரிதாக இளைக்காது. பணம் ஒழுகும் இடங்கள் வேறு. வருடத்துக்கு ஒருமுறை வாங்க வேண்டியதை இருநூறு கிராம் பாக்கெட்டாகப் பன்னிரண்டு தடவை வாங்குவது ஒன்று. நாமே அரைத்துக்கொள்ளக்கூடிய மாவுக்கும் பொடிக்கும் அடுத்தவர் கூலியைச் சேர்த்துக் கொடுப்பது இன்னொன்று. வாங்கி வந்து அழுகவிடுவது மூன்றாவது. கடையை மாற்றிக் கிடைக்கும் மிச்சத்தைவிட, வாங்கும் மாதத்தை மாற்றிக் கிடைக்கும் மிச்சம் பெரிது. தாமிரபரணிப் பாசனமும் கரிசல் காடும் தேரிச் செம்மணல் மேடும் கடலும் ஒருநாள் பயணத்துக்குள் அமைந்த சீமை இது. ஒவ்வொன்றும் தன் விளைச்சலைத் தன் மாதத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த மாதத்தில் நம் கையில் கொஞ்சம் பணமும் வீட்டில் காலி டப்பாவும் இருக்க வேண்டும்.

இங்கே சொல்லும் அளவெல்லாம் இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு. விலை எழுதவில்லை, அது வாரத்துக்கு வாரம் மாறும். எடையும் அளவும் தெரிந்தால் அன்றைய விலையை வைத்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

முதல் வேலை, கடந்த இரண்டு மாதச் சிட்டைகளை எடுத்து ஒவ்வொரு சாமானுக்கு எதிரேயும் பென்சிலால் குறிப்பது: இது வருடச் சாமானா, மாதச் சாமானா, வாரச் சாமானா, அன்றாடமா? புளி, வத்தல் (காய்ந்த மிளகாய்), மல்லி, மஞ்சள் வருடச் சாமான்கள். பருப்பு, பயறு, உளுந்து மூன்று நான்கு மாதத்துக்கு உரியவை. எண்ணெய், சீனி, தேயிலை மாதம். காய் வாரத்துக்கு இரண்டு தடவை. கீரை, பால், மீன் அன்றன்று. இதில் எதுவுமே பொருந்தாமல் நிற்கும் வரிகள் சில இருக்கும்: பிஸ்கட், உடனடி நூடுல்ஸ், பாக்கெட் மாவு, இஞ்சிப் பூண்டு விழுது, மிக்சர். அந்த வரிகளை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை மாதப் பருப்புச் செலவைத் தாண்டி நிற்கும் வீடுகள் நிறைய.

வருடச் சாமான் வாங்க மாசியும் பங்குனியும் நல்ல காலம். ஐப்பசி மழையில் சங்கரன்கோவில், கயத்தாறு, கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் தை, மாசியில் களத்துக்கு வரும். மல்லியும் அதை ஒட்டியே வரும். வத்தல் மாசியில் தொடங்கிச் சித்திரை வரை நீளும். புளியும் மாசி, பங்குனியில்தான் உலுக்குவார்கள். வரத்து கூடும் அந்த நேரத்தில்தான் வெயிலும் காய வைக்கத் தோதாக இருக்கிறது.

வீட்டுக்கு வருடத்துக்கு வத்தல் 3 கிலோ, மல்லி 3 கிலோ, புளி 9 முதல் 10 கிலோ என்பது என் கணக்கு. புளி அதிகம்போல் தெரியும். தினம் ஒரு எலுமிச்சை அளவு, அதாவது 25 கிராம் சொச்சம் கரைத்தால் வருடத்துக்கு அவ்வளவு வந்துவிடும். வத்தல் வாங்கும்போது ஒரு கை அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று கேட்க வேண்டும், காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். வளைகிறது என்றால் ஈரம். அந்த ஈரத்துக்கும் வத்தல் விலை கொடுக்கிறோம் என்பது ஒரு பக்கம், பத்து நாளில் பூசணம் பிடிப்பது மறுபக்கம். வெளுத்த சோடை வத்தல் விலை குறைவு. ஆனால் நிறமும் இல்லை, உறைப்பும் இல்லை, கூடுதலாகப் போட வேண்டிவரும்.

புளியில் கொட்டையோடு வாங்குவதா, எடுத்ததா என்று ஒரு குழப்பம் உண்டு. ஓடும் நாரும் நீக்கிய புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான். ஆகவே கொட்டைப் புளியின் விலை, கொட்டை எடுத்த புளி விலையில் பத்துக்கு ஆறு என்ற அளவுக்கும் கீழே இருந்தால்தான் நமக்கு மிச்சம். அதற்கு மேல் என்றால் எடுத்ததையே வாங்கி, ஒருநாள் முழு வெயிலில் பரப்பி, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்புத் தூவி மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வைக்கலாம். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரம் வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். எடுக்கிற கை காய்ந்திருக்க வேண்டும்.

குழம்புப் பொடிக்கு மல்லி 1 கிலோ, வத்தல் அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், நல்லமிளகு 50 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம், வெந்தயம் 20 கிராம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தபின் மில்லில் திரித்தால் 1.6 கிலோவுக்கு மேல் வரும். மாதம் 400 கிராம் என்று நான்கு மாதத்துக்குப் போதும். திரித்துக் கொண்டுவந்த பொடி சுடச்சுட இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டியாகி, ஒரு மாதத்தில் வாடை வரும். பேப்பரில் விரித்து ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். மில்லில் நமக்கு முன்னால் என்ன திரித்தார்கள் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. சீயக்காய் திரித்த கையோடு நம் மல்லியைப் போட்டால் நான்கு மாதத்துக்கு அந்த வாசம் போகாது. மூன்று தடவை திரிக்கும் வகையில் மல்லியையும் வத்தலையும் முழுசாகவே வைத்திருங்கள். பொடியாக வைத்ததைவிட முழுசில் மணம் நீண்ட நாள் நிற்கும்.

உளுந்தையும் பயறையும் மட்டும் வருடம் முழுமைக்கு வாங்கிக் குவிக்க வேண்டாம். களத்திலேயே வண்டு முட்டை வைத்துவிட்டு வருகிறது. வெளியே ஒன்றும் தெரியாது, இரண்டு மாதம் கழித்து ஒவ்வொரு மணியிலும் வட்டமாக ஓட்டை. நான்கு மாதத்துக்கு உளுந்து 8 கிலோ, பாசிப்பயறு 3 கிலோ, காணம் (கொள்ளு) 2 கிலோ போதும். வாங்கி வந்ததும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டு, ஆறியபின் இறுக மூடும் தகர டின்னில் அடைக்க வேண்டும். துவரம்பருப்பு என்றால் கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி, அதாவது 5 மில்லி விளக்கெண்ணெய் விட்டுப் பிசிறி வைத்தால் வண்டு அண்டாது. சமைக்கும் முன் வெந்நீரில் அலசிவிடலாம். அரிசிக்கு மட்டும் வெயில் ஆகாது. உச்சி வெயிலில் காய்ந்த அரிசி வெடித்து, கழுவும்போதே நொறுங்கும். நிழலில் பரப்பிப் புடைத்தால் போதும்.

அரிசிக் கணக்குக்கு வருவோம். இரண்டு வேளை சோறு என்றால் மாதம் 25 கிலோ செலவாகும். அரிசி அட்டைக்கு ரேஷனில் இலவசமாக வரும் அரிசியை வாங்காமல் விடுவதும், வாங்கிக் கோழிக்குப் போடுவதும் இந்தச் சிட்டையின் பெரிய ஓட்டைகளில் ஒன்று. நன்றாகச் சமைக்காமல்தான் அந்த அரிசிக்குக் கெட்ட பேர். மூன்று நான்கு தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து, அரிசியைப் போல் ஐந்து மடங்கு தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் போட்டு, திறந்த பானையில் வேகவிட்டு வடியுங்கள். குக்கரில் வைத்தால்தான் அந்த வாடை உள்ளேயே தங்குகிறது. கழுவும்போது சில அரிசி மிதக்கும், நிறமும் சற்று வேறாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி, நூற்றுக்கு ஒன்று என்று கலந்து வருவது. எறியக்கூடாது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு ஒரு கிலோவையும், 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் ஒரு லிட்டரையும் எந்த மாதமும் தவறவிடாதீர்கள். வெளிக்கடைப் பருப்போடு பாதிக்குப் பாதி கலந்து வேகவைத்தால் வித்தியாசம் தெரியாது. ரேஷன் பருப்பு வேக நேரம் எடுக்கும், அதை மட்டும் ஒரு மணி நேரம் முன்பே ஊறப்போட வேண்டும்.

மீதி அரிசிக்கு, பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்த பங்குனியில் மில்லிலேயே வாங்கலாம். புது அரிசி குழையும். ஆடி வரை கிடந்தால் சோறு உதிரியாகும், நன்றாக விரியவும் செய்யும். மூட்டையின் மேல் எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரை அடைத்துப் பேரிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தபின், 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்தன. மூட்டைக்கு மூட்டை ஒப்பிட்டால் ஏமாறுவோம், கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துக் கேட்க வேண்டும்.

இட்லி மாவில் இருக்கும் மிச்சம் அளவுக்கு வேறு எதிலும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இட்லி அரிசி 1 கிலோ, தொலி உளுந்து 250 கிராம், வெந்தயம் ஒரு சிறு கரண்டி. அரிசிக்கு அம்பை 16 குண்டு அரிசியை அடிக்க ஒன்றுமில்லை. 1937 முதல் இயங்கும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ரகம் அது. அரிசி ஐந்து மணி நேரம், உளுந்து மூன்று மணி நேரம் ஊறட்டும். தொலியை முழுக்கக் கழுவ வேண்டாம், பாதி இருந்தாலும் மாவு பொங்கும், நார்ச்சத்தும் கிடைக்கும். கிரைண்டரில் உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் ஆட்டவேண்டும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். முழுகினால் இன்னும் ஆட்டுங்கள். தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் காற்று பிடிக்காது, இட்லி தட்டையாகும். அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் எடுத்து, உப்புச் சேர்த்து, கையால் கலக்கி வைத்தால் சித்திரையில் ஆறேழு மணி நேரம், மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்.

இப்படி ஆட்டினால் ஏறக்குறைய 3 கிலோ மாவு, அதாவது 55 இட்லிக்கு மேல் வரும். கடையில் விற்கும் ஒரு கிலோ பாக்கெட்டில் 18, 20 இட்லிதான். மூன்று பாக்கெட் விலையையும், ஒரு கிலோ அரிசி கால் கிலோ உளுந்து விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டும் வீட்டில் மாதம் எட்டு மடங்கு அந்த வித்தியாசம். ரேஷன் புழுங்கலரிசியும் கலக்கலாம், ஆனால் பத்துக்கு ஆறு பங்குக்கு மேல் போனால் இட்லி இறுகும். முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, நான்காம் நாள் புளித்ததில் உள்ளியும் (சின்ன வெங்காயம்) பச்சை மிளகாயும் அரிந்துபோட்டுக் குழிப்பணியாரம். எறிவதற்கு மாவு மிஞ்சாது.

தேங்காய்க்கு வருவோம். நம் பக்கத்துச் சமையலில் சத்தமில்லாமல் பணம் தின்பது இது. காலைச் சட்னிக்கு ஒரு மூடி, மதியக் குழம்புக்கு ஒரு மூடி என்றால் மாதம் முப்பது காய். சட்னியில்தான் குறைக்க முடியும், குழம்பில் அதிகம் குறைத்தால் ருசி போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தேங்காய்ச் சட்னி வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் காணத் துவையல், உள்ளிச் சட்னி, எள்ளுப் பொடி, புளிமிளகாய் என்று சுற்றிவந்தால் மாதம் பத்துக் காய் மிஞ்சும். காணத் துவையலுக்கு 100 கிராம் காணத்தை வெறும் சட்டியில் சிறுதீயில் மணம் வந்து நன்றாகச் சிவக்கும் வரை வறுக்க வேண்டும். அரைகுறையாக வறுத்தால் பச்சை வாடை, கருகினால் கசப்பு. நான்கு வத்தல், இரண்டு பல் பூடு, கொட்டைப்பாக்களவு புளி, இரண்டு கரண்டி தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் இட்லிக்கும் ஆகும், ரசஞ்சோற்றுக்கும் ஆகும். புளிமிளகாய்க்கு 100 கிராம் பச்சை மிளகாயைக் கீறி நான்கு கரண்டி நல்லெண்ணெயில் வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, துண்டுக் கருப்பட்டி போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை சுண்டவிட வேண்டும். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரப்பட்டு இறக்கினால் நான்கே நாளில் பூசணம். சுண்டியது இரண்டு வாரம் தாங்கும்.

தேங்காய் வாங்கும்போது குடுமியோடு, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கும் காயாக எடுத்து, உடைக்கிற வரை குடுமியைப் பிய்க்காமல் வையுங்கள். கண் திறந்தால் காற்றுப் புகுந்து அழுகும். உடைத்து மிஞ்சியதைத் துருவி, ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு சிறு பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்தால் வாரக் கணக்கில் கெடாது. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக் குழம்பு இரண்டு காய் கேட்கும், மறுவீட்டு விருந்துச் சாப்பாடு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு வைத்தால் அதற்கு உரிய மதிப்போடு சாப்பிடலாம்.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று இரண்டு லிட்டருக்குள் நிறுத்துங்கள், உடம்புக்கும் அதுவே நல்லது. பொரிக்க ரேஷன் பாமாயில் போதும். செக்கு நல்லெண்ணெயைத் துவையலுக்கும் பொடிக்கும் புளிக்குழம்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டால் அரை லிட்டரே மாதத்தை ஓட்டும். பாக்கெட்டில் லிட்டரா, கிராமா என்று படியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை 910 கிராம் அளவில் இருக்கும். பார்வைக்கு ஒரு லிட்டர் போலவே 800, 850 மில்லி உறைகளும் அடுக்கியிருக்கிறார்கள்.

காய்கறிக்குத் திருநெல்வேலியின் மகாராஜ நகர், கண்டியப்பேரி உழவர் சந்தைகள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வரம். பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும், பேரம் பேசத் தெரியாதவருக்கும் அதே விலைதான். காலை ஆறு மணிக்குப் போனால் நல்ல காய், பத்து மணிக்கு மேல் போனால் மலிந்த காய். கத்தரி, வெண்டை, கீரை மாதிரி சீக்கிரம் வாடுவதற்குக் காலையில் போவதுதான் லாபம். மலிவு என்று முற்றிய வெண்டையை வாங்கிப் பாதியைக் கிள்ளி எறிந்தால் விலை இரட்டிப்பாகிறது. பூசணி, தடியங்காய் (வெண்பூசணி), சேனை, வாழைக்காய் கடைசி நேரத்தில் வாங்கலாம்.

காயின் விலையை நம் வீட்டுத் தேவை தீர்மானிப்பதில்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய் போகிறது, ஆவணியில் ஓணம் நெருங்கினால் இங்கே விலை ஏறும். முகூர்த்த நாளுக்கு முந்தைய இரண்டு நாளும் அப்படித்தான். அந்த வாரங்களில் கீரை, பயறு, வத்தல் குழம்பு என்று திரும்பிக்கொள்ளலாம். சுண்டவத்தலும் மிதுக்கவத்தலும் சித்திரை வெயிலில் போட்டு வைப்பது இதற்குத்தான். முருங்கைக்காய் பங்குனி முதல் வைகாசி வரை கொட்டிக் கிடக்கும், மழைக்காலத்தில் அதே காய் தொடமுடியாத விலைக்குப் போகும். அப்போதும் விடாப்பிடியாக முருங்கைக்காய் சாம்பார் வைப்பதில் அர்த்தமில்லை. தக்காளி ஏறினால் புளி இருக்கிறது, நம் பக்கத்துக் குழம்பு தக்காளியை நம்பிப் பிறந்ததல்ல. களக்காட்டுப் பக்கம் காற்றடித்து வாழை சாயும் நாள்களில் முற்றாத தார்கள் மலிவாக வரும். காய் பொரியலுக்கு, பூ வடைக்கு, தண்டு கூட்டுக்கு. கார்த்திகை முதல் தை வரை சிறுகிழங்கு. மண் ஒட்டியதாக வாங்கி, ஈரமில்லாத இடத்தில் பரப்பி வையுங்கள். கழுவிய கிழங்கு மூன்று நாளில் அழுகும். சமைக்கும் அன்று ஊறவைத்து, சாக்கில் போட்டுத் தேய்த்தால் தொலி தானாக உரியும். உருளைக்கிழங்கையும் உள்ளியையும் ஒரே கூடையில் போடாதீர்கள், உருளை முளைக்கும், உள்ளி நமுக்கும்.

மீனுக்கும் மாதம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது விலை ஏறும். அதற்கு முன்பே பங்குனியில் நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ வாங்கி வெயிலில் காயவைத்து அடைத்துக்கொண்டால் இரண்டு மாதம் ஓடும். உவரி, கூத்தங்குழி கரையில் சாளை (மத்தி) மண்டும் நாள்களில் வஞ்சிரம் வாங்கும் காசில் ஒரு சிறு பங்குக்கே சாளை கிடைக்கும். தலையும் குடலும் போகக் கிலோவுக்கு 600 கிராம் அளவுதான் சதை நிற்கும், அதையும் கணக்கில் சேர்த்தே ஒப்பிடுங்கள். அப்படியும் சாளைதான் மலிவு, நல்ல கொழுப்பும் அதில்தான். புரட்டாசியில் கோழி விலை இறங்கும், விரதம் இல்லாத வீட்டுக்கு அது வசதி. மற்ற நாளில் புரதத்துக்கு 100 கிராம் காணத்திலும் துவரையிலும் 22 கிராம், பாசிப்பயறில் 24, நிலக்கடலையில் 25, ஒரு முட்டையில் 6 கிராம். தட்டில் தினமும் ஒரு பயறு இருந்தால் மீன் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாலே போதும். பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்தால் கேஸும் மிச்சம்.

ஆவின் பாலில் தயிருக்குக் கொழுப்பு குறைந்த நீல உறையே போதும், பச்சையும் ஆரஞ்சும் தேவையில்லை. சாயங்காலப் பலகாரத்துக்கு அவித்த கடலை, சுண்டல், தை மாதம் பனங்கிழங்கு. கருப்பட்டியை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். விலை சந்தேகப்படும்படி குறைந்தால் அதில் சீனி கலந்திருக்கும்.

சந்தைக்கு முந்தின நாள் கூடையில் ஒற்றைக் கத்தரி, பாதி வாழைக்காய், நாலு சீனியவரை (கொத்தவரை) என்று மிஞ்சிக் கிடக்கும். அதற்குக் கூட்டாஞ்சோறு. அரிசி 300 கிராம், துவரம்பருப்பு 100 கிராம், காய் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, எலுமிச்சை அளவு புளி. அரைக்க ஒரு மூடித் தேங்காயில் பாதி, ஐந்து வத்தல், சீரகம், மஞ்சள், ஆறு உள்ளி. பருப்பு முக்கால் வேக்காடு வந்தபின் அரிசியைப் போட்டு, அது பாதி வெந்ததும் காய். காய் மெத்தென்று ஆனபிறகுதான் புளித்தண்ணீர். முன்கூட்டி ஊற்றினால் புளிப்பில் பருப்பும் காயும் இறுகி, எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது. அரைத்ததையும் கீரையையும் சேர்த்துக் கிளறி, தீயைக் குறைத்து மூடி ஐந்து நிமிடம். இறக்கியபின் நல்லெண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்துக் கொட்டி, சித்திரையில் போட்ட கூழ்வத்தலைப் பொரித்து வைத்துச் சாப்பிடலாம். சட்டி அடியில் பிடித்த காந்தலைப் பிள்ளைகள் போட்டிபோட்டுச் சுரண்டுவார்கள்.